வரையறை மாறினால் ரூலும் மாறும்: ஃபயர்வால் அப்ளிகேஷன் பட்டியலை ஆட்டோமேட் செய்வது பற்றி

ஃபயர்வால் என்பது நெட்வொர்க்கில் எது போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானிக்கும் சாதனம். சில வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் எந்த ஃபயர்வாலையும் திறந்து, 8443 என்ற போர்ட்டுக்கு (கணினியில் எந்த சேவைக்கு என்று காட்டும் எண்) எத்தனை பெயர் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். 'டிசிபி_8443' என்று ஒன்று இருக்கும், நடுவில் கோடு மட்டும் மாறி 'டிசிபி-8443' என்று இன்னொன்று இருக்கும், அப்புறம் 'போர்ட்டல்_புதுசு', 'வெண்டர்_ஏபிஐ', 'டெஸ்ட்_தற்காலிகம்' என்று வரிசையாக வரும். எல்லாம் ஒரே போர்ட்தான். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு டிக்கெட்டுக்காக, அவசரத்தில் போட்டுவிட்டுப் போனவை. இதுகூடப் பரவாயில்லை, பட்டியல் நீளமாகிறது, அவ்வளவுதான். உண்மையான ஆபத்து இதற்கு நேர் எதிரான விஷயத்தில் இருக்கிறது: இரண்டு ஃபயர்வால்களில் ஒரே பெயர், உள்ளே வேறு வேறு போர்ட். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதிலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி ரூல் எழுதுகிறவர், தனக்கே தெரியாமல் வேறு எதையோ திறந்துவிடுகிறார்.

அப்ளிகேஷன் வரையறை என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபயர்வால் ரூல் ஒன்றில் யார், யாரிடம், எதற்காக, அனுமதியா மறுப்பா என்ற நான்கும் இருக்கும். அந்த 'எதற்காக' என்ற இடத்தில் நாம் போர்ட் எண்ணை நேரடியாக எழுதுவதில்லை, ஒரு பெயரை வைக்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் புரோட்டோகால் (டிசிபி, யுடிபி போன்ற தொடர்பு முறை), போர்ட், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் செஷனை, அதாவது நடக்கும் இணைப்பை, மூடலாம் என்ற டைம்-அவுட், சில சமயம் பாக்கெட்டின் உள்ளே எட்டிப் பார்க்கும் சிக்னேச்சர் எல்லாம் இருக்கும். சில தயாரிப்புகளில் இதற்கு 'சர்வீஸ்' என்று பெயர், சிலவற்றில் 'அப்ளிகேஷன்'. பெயர் எதுவாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: ரூலுக்கு அர்த்தம் கொடுப்பது இந்த வரையறை. அதனால் வரையறையில் ஒரு வரியை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் எல்லா ரூல்களும், ஒன்றையும் தொடாமலேயே, மாறிவிடுகின்றன.

இந்தக் கடைசி வாக்கியம்தான் இந்தக் கட்டுரையே. பெரும்பாலான இடங்களில் ரூல் மாற்றத்துக்குக் கடுமையான அனுமதி நடைமுறை உண்டு, வரையறை மாற்றத்துக்கு எதுவும் கிடையாது. 'சும்மா ஒரு போர்ட் சேர்த்தேன்' என்று போய்விடும். போர்ட் சேர்த்த அந்த குரூப்பை, அதாவது பல வரையறைகளை ஒரே பெயரில் கட்டியதை, நாற்பது ரூல்கள் பயன்படுத்தினால், நாற்பது இடத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. இதன் மேல் ஆட்டோமேஷனைக் கொண்டுவந்து வைத்தால் அதே வேலை எல்லா ஃபயர்வால்களிலும் ஒரே நிமிடத்தில் நடக்கும்.

வரையறைக்குள் போர்ட்டைத் தவிர இருப்பதையெல்லாம் யாரும் கண்டுகொள்வதில்லை என்பதற்கு ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஜூனிபர் எஸ்ஆர்எக்ஸ் ஃபயர்வாலில் ஒரு டிசிபி செஷன் சும்மா இருந்தால் இயல்பாக 1800 விநாடிகளில், அதாவது அரை மணி நேரத்தில், மூடப்படும். யுடிபிக்கு 60 விநாடி. இப்போது ஒரு அப்ளிகேஷன் சர்வர், 1521-இல் இருக்கும் ஆரக்கிள் டேட்டாபேஸுக்குப் பத்து இணைப்புகளை முன்கூட்டியே திறந்து வைத்திருக்கிறது. இரவில் யாரும் வேலை செய்வதில்லை. அரை மணி நேரம் ஆனதும் ஃபயர்வால் தன் அட்டவணையிலிருந்து அந்த செஷன்களைத் தூக்கிவிடுகிறது, ஆனால் இரண்டு முனைகளுக்கும் அது தெரியாது. காலையில் முதல் ஆள் ரிப்போர்ட் எடுக்கும்போது சர்வர் பழைய இணைப்பிலேயே பாக்கெட்டை அனுப்புகிறது, ஃபயர்வால் அதைச் சத்தமில்லாமல் கீழே போடுகிறது, சர்வர் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறது. லினக்ஸின் இயல்பான அமைப்பில் அது கைவிடுவதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சும்மா இருக்கும்போது அனுப்பும் கீப்-அலைவ் பாக்கெட் காப்பாற்றாதா என்றால், லினக்ஸில் முதல் கீப்-அலைவ் போவதே 7200 விநாடிகளுக்குப் பிறகு, அதுவும் அப்ளிகேஷன் அதைக் கேட்டு வாங்கியிருந்தால்தான். அதற்குள் கதை முடிந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்த ஒரு நல்ல நெட்வொர்க் இன்ஜினியர் என்ன செய்வார்? 1521-க்குத் தனியாக ஒரு வரையறை போட்டு டைம்-அவுட்டை நீட்டி வைப்பார், பிரச்சினை தீர்ந்துவிடும். சில வருடம் கழித்து வேறொருவர் பட்டியலைச் சுத்தம் செய்ய ஒரு பைதான் ஸ்கிரிப்ட் எழுதுகிறார். ஒரே புரோட்டோகால், ஒரே போர்ட் என்றால் இரண்டையும் ஒன்றாக்கு என்பதுதான் அதன் விதி. நீட்டிய டைம்-அவுட் உள்ள வரையறை போய், சாதாரணமானது நிற்கிறது. ரூல்கள் எல்லாம் அப்படியே, போர்ட் அப்படியே, ஆடிட்டில் எந்த வித்தியாசமும் தெரியாது. மறுநாள் காலை ரிப்போர்ட் தொங்குகிறது, டேட்டாபேஸ் குழுவும் நெட்வொர்க் குழுவும் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கிரிப்ட்டில் எழுத்துப் பிழைகூட இல்லை. வரையறை என்றால் போர்ட் மட்டும்தான் என்ற நினைப்புதான் பிழை. அந்த டைம்-அவுட் ஏன் நீட்டப்பட்டது என்ற காரணம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை என்பது அதைவிடப் பெரிய பிழை.

இன்னொன்றும் அடிக்கடி பார்க்கக்கூடியது. இணையப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் என்றால் யுடிபி 53 என்று மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். பதில் பெரிதாக இருந்தால், துண்டிக்கப்பட்டது என்று சர்வர் ஒரு குறியீட்டோடு திருப்பி அனுப்பும், கேட்டவர் டிசிபி 53-இல் மறுபடி கேட்க வேண்டும். டிஎன்எஸ் மென்பொருட்கள் டிசிபியையும் கட்டாயம் ஆதரிக்க வேண்டும் என்று 2016-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 7766 தெளிவாகவே சொல்கிறது. வரையறையில் டிசிபி இல்லையென்றால் தொண்ணூறு சதவீத நேரம் எல்லாம் நன்றாக வேலை செய்வது போலவே இருக்கும், சில பெயர்களுக்கு மட்டும் பதில் வராது. வரையறைகளுக்கு வயதும் ஆகிறது. விண்டோஸ் ஆர்பிசி (ஒரு கணினி இன்னொன்றில் வேலையைச் செய்யச் சொல்லும் முறை) பயன்படுத்தும் மாறும் போர்ட்கள் ஒரு காலத்தில் 1025 முதல் 5000 வரை இருந்தன, விஸ்டா, சர்வர் 2008 வந்தபோது அது 49152 முதல் 65535 வரை என்று மாறியது. 'ஆக்டிவ் டைரக்டரி' (விண்டோஸில் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சேவை) என்ற பெயரில் பழைய எண்களைச் சுமந்துகொண்டிருக்கும் குரூப்கள் இதற்குப் பிறகும் பல இடங்களில் உயிரோடு இருந்தன.

சரி, ஆட்டோமேட் செய்யலாம் என்று முடிவெடுத்தால், முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வரையறைகளில் நாம் எழுதுபவை வேறு, வெளியிலிருந்து நமக்கு வந்து சேர்பவை வேறு. நாம் எழுதுபவை விஷயத்தில் ஆட்டோமேஷனின் வேலை, ஒரே இடத்தில் எழுதியதை எல்லாச் சாதனங்களுக்கும் பிசகாமல் கொண்டுசேர்ப்பது. வெளியிலிருந்து வருபவை விஷயத்தில் அதன் வேலை, வந்ததை வாசலில் நிறுத்தி, பார்த்து, பிறகு உள்ளே விடுவது. இரண்டையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் ஒரே வேகத்தில் ஓட்டுவது தவறு.

வெளியிலிருந்து வருவதில் முக்கியமானது தயாரிப்பாளரின் சிக்னேச்சர் தொகுப்பு. பாலோ ஆல்டோவின் ஆப்-ஐடி நல்ல உதாரணம். போர்ட்டைப் பார்க்காமல் டிராஃபிக்கைப் பார்த்தே இது இன்ன அப்ளிகேஷன் என்று அடையாளம் காணும் முறை அது. புதிய ஆப்-ஐடிகளை வழக்கமாக மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறார்கள். இதில் என்ன சிக்கல் வரலாம் என்றால், நேற்றுவரை 'வெப் பிரவுசிங்' என்று அடையாளம் காணப்பட்ட ஒரு சேவைக்கு இன்று தனிப் பெயர் கிடைக்கிறது. உங்கள் ரூல் 'வெப் பிரவுசிங்'கை மட்டும்தான் அனுமதிக்கிறது. நீங்கள் எதையும் தொடவில்லை, அந்த சேவை நின்றுவிட்டது. இதற்காகவே புதிய ஆப்-ஐடிகளை மட்டும் முடக்கி வைத்து நிறுவவும், வெளியாகி சில மணி நேரம் கழித்தே நிறுவவும், எந்த ரூல்கள் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே பார்க்கவும் அதில் வசதி வைத்திருக்கிறார்கள். இங்கே ஆட்டோமேட் செய்ய வேண்டியது அந்தப் பார்வையை: புதிய தொகுப்பு வந்ததும் கடந்த சில நாள் லாக்கோடு ஒப்பிட்டு, எந்த ரூலில் எந்த அப்ளிகேஷன் பெயர் மாறப்போகிறது என்று ஒரு பட்டியல் வந்து விழ வேண்டும். முதலில் முக்கியமில்லாத ஒரு ஃபயர்வால், அடுத்து ஒரு சிறிய தொகுதி, அப்புறம் மற்றவை.

படிப்படியாக அனுப்புவது நேரத்தை வீணாக்குவது என்று நினைப்பவர்களுக்கு 2024 ஜூலை 19 போதும். அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு உள்ளடக்கக் கோப்பில் இருந்த கோளாறு, மைக்ரோசாஃப்ட்டின் கணிப்புப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. அது ஃபயர்வால் இல்லை, கணினியில் ஓடும் பாதுகாப்பு மென்பொருள்தான். ஆனால் வடிவம் அதே: மென்பொருள் மாறவில்லை, அது படிக்கும் வரையறை மாறியது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த நிறுவனமும் இத்தகைய கோப்புகளைக் கட்டம் கட்டமாக அனுப்புவதாக அறிவித்தது.

கிளவுட் நிறுவனங்கள் வெளியிடும் முகவரிப் பட்டியல்களும் இதே வகைதான். மைக்ரோசாஃப்ட் 365-க்குத் தேவையான முகவரிகளும் போர்ட்களும் ஒரு வெப் சர்வீஸாகவே கிடைக்கின்றன. பதிப்பு எண்ணைக் கேட்டு, மாறியிருந்தால் மட்டும் முழுப் பட்டியலை எடுக்கலாம். மாற்றங்கள் வழக்கமாக மாதத் தொடக்கத்தில் வரும், புதிதாகச் சேர்வது நடைமுறைக்கு வருவதற்குப் பெரும்பாலும் 30 நாள் முன்னறிவிப்பு இருக்கும். அமேசானின் ஐபி பட்டியலும் அப்படி ஒரு ஜேசான் கோப்பாக இருக்கிறது, மாறும்போது அறிவிப்பு பெறவும் வழி உண்டு. இவற்றை எடுத்து வந்து ஃபயர்வாலில் ஏற்றும் ஸ்கிரிப்ட்டை ஒரு மதியத்தில் எழுதிவிடலாம். யாரும் எழுதாமல் விடுவது ஒரே ஒரு சோதனையை: பட்டியல் பாதியில் அறுந்து வந்தால்? காலியாக வந்தால்? வந்ததை அப்படியே நம்பும் ஸ்கிரிப்ட், 'இனி இந்த முகவரிகள் எதுவும் தேவையில்லை போலிருக்கிறது' என்று முடிவெடுத்து எல்லாவற்றையும் அழித்துவிடும். சேர்ப்பதற்கு ஒரு வரம்பு, நீக்குவதற்கு அதைவிடச் சிறிய வரம்பு, தாண்டினால் மனிதர் பார்க்கும்வரை நின்றுவிடு. இந்தச் சில வரிகள் இல்லாத ஸ்கிரிப்ட்டை நான் ஓட விடமாட்டேன்.

இனி நாம் எழுதும் வரையறைகளுக்கு வருவோம். இங்கே எல்லாம் தொடங்க வேண்டியது ஒரு கோப்பில். ஃபயர்வாலில் இருப்பது அந்தக் கோப்பின் நகல், கோப்புதான் மூலம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூகுள் திறந்த மூலமாக வெளியிட்ட கேப்பிர்கா என்ற கருவி இதை மிகத் தெளிவாகச் செய்கிறது. நெட்வொர்க் பெயர்களுக்கு ஒரு வகைக் கோப்பு, சர்வீஸ் பெயர்களுக்கு இன்னொரு வகைக் கோப்பு, ரூல்களுக்கு மூன்றாவது வகை. சர்வீஸ் கோப்பில் 'எஸ்எஸ்ஹெச் = 22/டிசிபி' என்ற அளவில் ஒரு வரிதான் இருக்கும். ரூல் கோப்பில் பெயர்கள் மட்டுமே வரும். அதிலிருந்து சிஸ்கோ, ஜூனிபர், ஐபிடேபிள்ஸ் என்று அவரவர் மொழியில் கன்ஃபிகரேஷன் பிறக்கிறது. முன்னால் இருக்கும் ஒரு ரூல் பின்னால் இருப்பதை முழுதாக மறைக்கிறதா என்றும் அதால் சொல்ல முடியும். அதன் கிளையான ஏர்லியான் அதே யோசனையை யாம்ல் கோப்புகளுக்குக் கொண்டுவந்தது. கருவி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, சாதனங்களுக்கு அமைப்புகளை அனுப்பும் அன்சிபிளும், கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டும் மட்டும் வைத்துக்கூட இதைச் செய்யலாம். பெயரும் அர்த்தமும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கோப்பில் போர்ட், புரோட்டோகால், டைம்-அவுட் தவிர மூன்று விஷயங்கள் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து: இது எந்தக் குழுவுடையது, ஏன் தேவை, எப்போது மறுபடி பார்க்க வேண்டும். இவை காலியாக இருந்தால் கோப்பை ஏற்கவே கூடாது. இது வெறும் ஒழுங்குக்காக இல்லை. அட்டைப் பணப் பரிமாற்றத்தைக் கையாளும் எவருக்கும் பொருந்தும் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்புத் தரநிலை, அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு சர்வீஸும் புரோட்டோகாலும் போர்ட்டும் அடையாளம் காணப்பட்டு, அனுமதி பெற்று, தொழில் தேவை எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. கன்ஃபிகரேஷனை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை செய்யவும் சொல்கிறது. பல இடங்களில் அந்த ஆறாவது மாதம் எக்செல் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு குழுவாக ஓடும் மாதம். காரணம் வரையறையோடு ஒட்டியிருந்தால் அந்தப் பட்டியலை ஒரு கட்டளையில் எடுத்துவிடலாம்.

பெயர் வைப்பதில் பெரிய சண்டைகள் நடக்கும். போர்ட்டை வைத்துப் பெயரா, வேலையை வைத்துப் பெயரா? எனக்கு இரண்டும் வேண்டும், இரண்டு அடுக்காக. கீழ் அடுக்கில் 'டிசிபி_8443' போன்ற அணு அளவு வரையறைகள், இவை ஒருபோதும் மாறக்கூடாது, 9443 தேவையென்றால் புதிதாக ஒன்று. மேல் அடுக்கில் 'சம்பளப்_போர்ட்டல்' போன்ற குரூப்கள், இவை மாறலாம். ரூல்கள் மேல் அடுக்கை மட்டுமே தொட வேண்டும். 'டிசிபி_8443' என்று பெயர் இருக்க உள்ளே 9443 இருப்பதைப் போல எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை, இந்த அமைப்பில் அதற்கு வழியே இருக்காது. டைம்-அவுட் மாறுபட்டால் அதுவும் பெயரிலேயே தெரிய வேண்டும், மேலே சொன்ன 1521 கதைக்கு அதுதான் மருந்து.

அப்புறம் ரிவியூ. கிட்டில் ஒருவர் மாற்றத்தை அனுப்புகிறார், ரிவியூ செய்பவருக்கு என்ன தெரிகிறது? குரூப்பில் ஒரு வரி கூடியிருக்கிறது, பச்சை நிறத்தில் ஒரு கூட்டல் குறி. அதைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிய வேண்டியது, இந்த ஒரு வரியால் எந்தெந்த ஃபயர்வாலில், எந்தெந்த ரூலில், எந்த நெட்வொர்க்கிலிருந்து எந்த நெட்வொர்க்குக்கு என்ன புதிதாகத் திறக்கிறது என்பது. இதைக் கணக்கிட்டு ரிவியூ பக்கத்திலேயே ஒட்டும் வேலைக்குத்தான் நான் ஆட்டோமேஷன் நேரத்தில் பாதியைச் செலவிடுவேன். கன்ஃபிகரேஷன் கோப்புகளைப் படித்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் யார் யாரை அடைய முடியும் என்று ஒப்பிட்டுச் சொல்லும் பேட்ஃபிஷ் போன்ற திறந்த மூலக் கருவிகள் இருக்கின்றன, ஃபயர்வாலைத் தொடாமலேயே சொல்லிவிடும். 'இந்த மாற்றத்தால் புதிதாகத் திறப்பது: இணையத்திலிருந்து டேட்டாபேஸ் நெட்வொர்க்குக்கு ஒரு வழி' என்று வந்தால் யார் கண்ணிலும் தப்பாது. பச்சைக் கூட்டல் குறியில் நிச்சயம் தப்பும்.

ஏற்றும் கட்டம் இதோடு ஒப்பிட்டால் எளிது, கருவிகள் முதிர்ந்துவிட்டன. வரையறை முதலில், அதைப் பயன்படுத்தும் ரூல் பிறகு. நீக்கும்போது தலைகீழ், ரூல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வரையறையைப் பெரும்பாலான சாதனங்கள் நீக்க விடாது. ஜூனிபரின் இயங்குதளமான ஜூனோஸ் போல எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் (மாற்றங்களை ஒன்றாக நடைமுறைக்குக் கொண்டுவரும் கட்டளை) ஏற்றும் சாதனங்களில் இந்த வரிசைக் கவலை இல்லை, ஒவ்வொன்றாக ஏபிஐ வழியே அனுப்பும் இடங்களில் உண்டு. உறுதிப்படுத்தும் கமிட்டைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஜூனோஸில் இயல்பாக 10 நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும், நெட்வொர்க் சாதனங்களை நிர்வகிக்கும் நெட்கான்ஃப் தரத்திலும் அதே 600 விநாடிகள்தான். அந்தப் பத்து நிமிடத்தில் ஸ்கிரிப்ட் உண்மையான இணைப்புகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்காமல் உடனே உறுதி செய்யும் ஸ்கிரிப்ட்டுகளையும் பார்த்திருக்கிறேன், அதில் அந்த வசதி இருந்தும் பயனில்லை.

நள்ளிரவில் யாரோ ஒருவர் நேரடியாக ஃபயர்வாலில் உள்ளே போய் ஒரு போர்ட்டைச் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கோப்புதான் மூலம் என்றோமே, அடுத்த முறை ஓடும்போது ஆட்டோமேஷன் அதைத் துடைத்துவிட வேண்டுமா? கறாரானவர்கள் ஆமாம் என்பார்கள். நான் உடனே துடைக்கச் சொல்லமாட்டேன். அந்த மாற்றம்தான் அந்த நேரத்தில் ஒரு சேவையை உயிரோடு வைத்திருக்கலாம், அதை அதிகாலை நாலு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் துடைத்தால், அதைப் போட்டவர் இனி ஆட்டோமேஷனையே நம்பமாட்டார். வித்தியாசத்தைக் கண்டுபிடி, உரிய குழுவுக்குச் சொல், ஒரு வேலை நாள் கெடு கொடு, அதற்குள் கோப்பில் வந்து சேராவிட்டால் துடை. இந்த ஒழுங்கு நடைமுறையில் நிற்கிறது.

நீக்குவது எப்போதும் கடினமானது. ஹிட் கவுண்ட், அதாவது எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்ணிக்கை, 90 நாளாகப் பூஜ்யம், அதனால் தூக்கிவிடலாம் என்பது அவசர முடிவு. ஆண்டுக்கு ஒரு முறை ஓடும் கணக்கு முடிப்பு வேலை, பேரிடர் மீட்புக்காக மட்டும் இருக்கும் பாதை இவையெல்லாம் 90 நாளில் கண்ணில் படாது. 'ஓய்வு பெறுகிறது' என்று கோப்பில் ஒரு குறி போட்டு, புதிய ரூல் எதுவும் அதைப் பயன்படுத்தவிடாமல் சோதனையில் தடுத்து, உரியவரிடம் ஒப்புதல் வாங்கி, அதன் பிறகே நீக்குவது நல்லது. உரியவர் யார் என்பது கோப்பில் எழுதப்பட்டிருந்தால் இது ஒரு மின்னஞ்சல், இல்லையென்றால் துப்பறியும் வேலை.

443 பற்றி ஒரு சின்னக் குறிப்பும் சொல்லிவிடுகிறேன். ஹெச்டிடிபிஎஸ் என்றால் டிசிபி 443 என்ற வரையறை இப்போது முழுமையானது இல்லை. 2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த க்விக் என்ற புரோட்டோகால், அதன் மேல் ஓடும் ஹெச்டிடிபி/3 இரண்டும் வழக்கமாக யுடிபி 443-இல் போகின்றன. அதைத் தடுத்தால் பிரவுசர்கள் பெரும்பாலும் டிசிபிக்குத் திரும்பிவிடும் என்பதால் யாருக்கும் உடனே தெரியாது. அனுமதிப்பதா தடுப்பதா என்பது உங்கள் இஷ்டம், ஆனால் அது யாரோ எடுத்த முடிவாக, காரணத்தோடு கோப்பில் இருக்க வேண்டும். ஒரு பழைய வரையறையில் யுடிபி விட்டுப்போனதால் தற்செயலாக நடந்ததாக இருக்கக்கூடாது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: எழுதும் உரிமையே இல்லாத, படிக்க மட்டும் முடிகிற ஒரு கணக்கு வாங்குங்கள். எல்லா ஃபயர்வால்களிலிருந்தும் வரையறைகளை, டைம்-அவுட் உட்பட, எடுத்து ஒரே அட்டவணையில் போடுங்கள். ஒரே பெயர், வேறு உள்ளடக்கம் என்று வருபவற்றை முதலில் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் அதைப் பயன்படுத்தும் குழுவோடு உட்கார்ந்து கையாலேயே சரிசெய்யுங்கள். எந்த ஸ்கிரிப்ட்டாலும் இரண்டில் எது சரி என்று சொல்ல முடியாது. அந்தப் பட்டியல் பூஜ்யத்துக்கு வரும்வரை ஃபயர்வாலில் எழுதும் உரிமையை எந்த ஆட்டோமேஷனுக்கும் கொடுக்காதீர்கள்.